கேம் ஷாப்ட்: புளியரை ஏற்றமும் புல்லட் எஞ்சினும்

ஜூன் மாதம் குற்றாலத்தில் சாரல் விழ ஆரம்பித்துவிட்டால், தென்காசியிலிருந்து அருவிக்குப் போகும் சாலையில் ஊரில் உள்ள அத்தனை வகை வண்டிகளையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். ஐந்தருவியில் குளித்து முடித்தவர்களில் ஒரு கூட்டம் வீட்டுக்குத் திரும்பாமல் செங்கோட்டை, புளியரை வழியாக ஆரியங்காவு, தென்மலை என்று மலையேறும். கோட்டைவாசலுக்கு முன்னால் வரும் எஸ் வளைவு ஏற்றத்தில் ஒரு வேடிக்கை நடப்பதுண்டு. பழைய புல்லட் ஒன்று, இரண்டு ஆள் பாரத்தோடு, ஒரே கியரில் 'டப்... டப்... டப்' என்று நிதானமாக ஏறிப் போகும். அதே மாடல் புல்லட்டில் நிறைய செலவு செய்து 'ரேஸ் கேம்' போட்டவரோ அதே வளைவில் கியரை இறக்கி, கிளட்சைப் பிடித்து, ஆக்சிலேட்டரை முறுக்கிக்கொண்டு திணறுவார். இத்தனைக்கும் காகிதத்தில் அவர் வண்டிக்குத்தான் குதிரைத்திறன் கூடுதல்!

இதற்குக் காரணம் எஞ்சினுக்குள் இருக்கும் ஒரு இரும்புத் துண்டின் வளைவு. அகராதிக்காரர்கள் அதை 'நெம்புருள் தண்டு' என்பார்கள். எந்த ஒர்க்ஷாப்பிலும் அப்படிச் சொன்னால் மெக்கானிக் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார். அங்கே அது கேம் ஷாப்ட்தான். எஞ்சின் எந்த வேகத்தில் நன்றாக இழுக்கும் என்பதை அதைச் செதுக்கியவர் முன்கூட்டியே தீர்மானித்துவிடுகிறார். ஓட்டுகிறவர் அந்தத் தீர்மானத்தோடுதான் வாழவேண்டும்.

ஒரு காலத்தில் இதே மலையில், ஓட்டுகிறவரே அந்தத் தீர்மானத்தை நிமிடத்துக்கு நிமிடம் மாற்றிக்கொண்டிருந்தார். 1904-ல் செங்கோட்டையிலிருந்து புனலூர் வழியாகக் கொல்லத்துக்கு மீட்டர் கேஜ் ரயில் பாதை திறக்கப்பட்டது. குகைகள், வளைவுகள், கழுத்துருட்டி அருகே புகழ்பெற்ற பதின்மூன்று கண் பாலம் என்று மேற்குத் தொடர்ச்சி மலையைக் குறுக்கே கடக்கும் பாதை அது. ஏற்றம் கடுமை என்பதால் முன்னால் ஒரு எஞ்சின் இழுக்க, பின்னால் இன்னொரு எஞ்சின் தள்ளும். அந்த நீராவி எஞ்சின்களில் ஓட்டுநர் கையில் 'ரிவர்சர்' என்ற அமைப்பு இருக்கும். முன்னுக்கா பின்னுக்கா என்பது மட்டும் அதன் வேலையல்ல. சிலிண்டருக்குள் நீராவி போகும் வால்வு எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்பதையும் அதுதான் முடிவு செய்யும். ஏற்றத்தில் கிளம்பும்போது பிஸ்டன் ஓட்டத்தின் பெரும்பகுதிக்கும் வால்வைத் திறந்து வைப்பார்கள். இழுவை கிடைக்கும், நிலக்கரியும் தண்ணீரும் கரையும். சமவெளியில் ஓட்டம் பிடித்ததும் திறக்கும் நேரத்தைச் சுருக்கிவிட்டு நீராவியின் விரிவை வைத்தே ஓட்டுவார்கள். 1840-களிலேயே ஸ்டீபன்சன், வால்சேர்ட் என்ற பெயர்களில் வந்துவிட்ட தொழில்நுட்பம் இது.

பெட்ரோல் எஞ்சின் வந்தபோது இந்த வசதி போய்விட்டது. ஆரம்பத்தில் உள்வால்வைத் திறக்க கேம்கூடக் கிடையாது. பிஸ்டன் கீழே இறங்கும்போது உண்டாகும் உறிஞ்சலில் மெல்லிய ஸ்பிரிங் வைத்த வால்வு தானே திறந்துகொள்ளும். புகை வெளியேறும் வால்வுக்கு மட்டும் கேம். பிரான்சின் டி டியோன் எஞ்சின் அப்படிப்பட்டது. 1899-ல் ராயல் என்ஃபீல்டு கம்பெனி முதலில் செய்த மோட்டார் வண்டிகளில் இருந்தது அந்த டி டியோன் எஞ்சின்தான். தானாகத் திறக்கும் வால்வு வேகம் கூடினால் தடுமாறும். எனவே சில வருடங்களில் இரண்டு வால்வுக்கும் கேம் வந்தது. அதோடு, திறக்கும் நேரமும் மூடும் நேரமும் இரும்பில் உறைந்து போயின.

சரி, அந்த நேரத்தை நிர்ணயிப்பதில் என்ன பெரிய சிக்கல்? பிஸ்டன் இறங்கும்போது திறந்து, அடியைத் தொட்டதும் மூடினால் போதாதா? பாடப்புத்தகப் படத்தில் அப்படித்தான் இருக்கும். நிஜ எஞ்சினில் அப்படி இல்லை. ஏன் என்று பார்க்க சீசன் நேரத்துத் தென்காசி பஸ் நிலையத்துக்குப் போனால் போதும். குற்றாலம் பஸ் வந்து நிற்கிறது. கூட்டம் ஓடி வந்து ஏறுகிறது. கண்டக்டர் விசில் ஊதிய பிறகும் ஒரு நொடி கதவு திறந்திருந்தால், ஓடிவந்த வேகத்திலேயே இன்னும் நாலு பேர் உள்ளே திணிந்துவிடுவார்கள். பெட்ரோல் கலந்த காற்றுக்கும் எடை உண்டு, ஓட்டமும் உண்டு. எஞ்சின் வேகமாகச் சுற்றும்போது, பிஸ்டன் மேலே திரும்ப ஆரம்பித்த பிறகும் உள்ளே வந்துகொண்டேதான் இருக்கும். எனவே உள்வால்வைத் தாமதமாக மூடினால் லாபம். ஆனால் கூட்டமில்லாத மத்தியான நேரத்தில் அதே பஸ் கதவை அவ்வளவு நேரம் திறந்து வைத்தால் என்ன ஆகும்? ஏறி உட்கார்ந்தவர்களே சுண்டல் வாங்க இறங்கிவிடுவார்கள். எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது தாமதமாக மூடும் வால்வு வழியாக, உள்ளே வந்த காற்றையே பிஸ்டன் திருப்பி வெளியே தள்ளிவிடும். அழுத்த வேண்டிய காற்று குறைகிறது. இழுவையும் குறைகிறது. புளியரை ஏற்றத்தில் நடப்பது இதுதான்.

இன்னொரு சமாசாரம் 'ஓவர்லேப்'. புகை வால்வு மூடுவதற்கு முன்பே உள்வால்வு திறந்து, கொஞ்ச நேரம் இரண்டும் திறந்திருக்கும். வேகத்தில் போகும்போது வெளியேறும் புகையின் ஓட்டமே புதுக் காற்றை உள்ளே இழுக்கும். ஐடிலிங்கிலோ புகை உள்ளே வந்து கலந்து, எஞ்சின் தாளம் தப்பித் துடிக்கும். அந்தத் துடிப்பு சத்தத்துக்காகவே பெரிய கேம் போடுகிறவர்கள் உலகமெங்கும் உண்டு. காது சொல்வதைக் கேட்டு எஞ்சின் பாகம் வாங்குவது செலவு பிடித்த பழக்கம்.

அந்தப் பழக்கம் முற்றியது அமெரிக்காவில். 1950-களில் செவர்லே கம்பெனியில் ஜோரா ஆர்கஸ் டுன்டோவ் என்ற பொறியாளர் கார்வெட் காருக்கென்று ஒரு கேமை வடிவமைத்தார். 1956 ஜனவரியில் டேடோனா கடற்கரையில், அந்தக் கேம் போட்ட காரை அவரே மணிக்கு 150 மைல் வேகத்தில் (ஏறத்தாழ 240 கி.மீ.) ஓட்டிக் காட்டினார். 'டுன்டோவ் கேம்' என்ற பெயரே நிலைத்துவிட்டது. அதற்கும் முன்பே, போர் முடிந்த காலத்திலிருந்து, கலிபோர்னியாவில் எட் இஸ்கென்டேரியன் போன்றவர்கள் பந்தயக் கார்களுக்குக் கேம் தீட்டிக் கொடுப்பதையே தொழிலாக்கியிருந்தார்கள். 1964-ல் போன்டியாக் ஜி.டி.ஓ. வந்தது. 389 கன அங்குல (சுமார் 6.4 லிட்டர்) வி8 எஞ்சின், நடுத்தர அளவு கார். 'மசில் கார்' காலம் அதிலிருந்துதான் சூடுபிடித்தது. (நம் ஊரில் அந்தக் கால அமெரிக்கக் கார் என்றால் இம்பாலாதான். கப்பல் மாதிரி வரும். அதை முறுக்கி ஓட்டவேண்டும் என்று இங்கே யாரும் ஆசைப்பட்டதாகத் தெரியவில்லை. பெட்ரோல் போடுவதற்குள்ளேயே மூச்சு முட்டியிருக்கும்.)

இந்தக் கதையில் கவனிக்கவேண்டிய எஞ்சின் கிறைஸ்லரின் 426 ஹெமி. 1964 டேடோனா 500 பந்தயத்தில் முதல் மூன்று இடங்களையும் இது பிடித்தது. ஜெயித்தவர் ரிச்சர்ட் பெட்டி. கடையில் கிடைக்காத எஞ்சினை வைத்து ஜெயிக்கிறார்கள் என்று புகார் எழுந்து, 1965-ல் பந்தய அமைப்பு தடை போட்டது. எனவே 1966-ல் அதே எஞ்சினைச் சாலைக் காருக்குக் கொண்டுவந்தார்கள். அப்போது கிறைஸ்லர் பொறியாளர்கள் செய்த மாற்றங்களில் முக்கியமானது என்ன தெரியுமா? பந்தயக் கேமைக் கழற்றிவிட்டு சாதுவான கேம் போட்டார்கள். கம்ப்ரஷனையும் 12.5-லிருந்து 10.25 ஆகக் குறைத்தார்கள். ஹெமியை உருவாக்கியவர்களே சிக்னலில் நிற்கும் காருக்கு ரேஸ் கேம் ஆகாது என்று முடிவு செய்தார்கள். அதை வாங்கியவர்களில் பலர் கழற்றிவிட்டு மறுபடி ரேஸ் கேம் போட்டார்கள் என்பது வேறு கதை!

அங்கே இன்றைக்கும் பழைய வி8 எஞ்சினைத் திரும்பக் கட்டுகிறவர்கள் செய்யும் பொதுவான தவறு, தேவைக்கு மேல் பெரிய கேம் வாங்குவதுதான். கேம் பெரிதானால் எஞ்சினின் வாக்யூம் குறையும், அதை நம்பியிருக்கும் பவர் பிரேக் இறுகிவிடும். ஆட்டோமேட்டிக் கியரில் சிக்னலில் நின்றால் அணைந்து போகும். அதைச் சரிக்கட்ட டார்க் கன்வெர்ட்டர் மாற்ற வேண்டும், பின் ஆக்சில் பற்சக்கர விகிதம் மாற்ற வேண்டும், கம்ப்ரஷன் ஏற்ற வேண்டும்... முதலில் வாங்கியது ஒரு கேம், கடைசியில் மாற்றியது பாதி கார். எனவே விவரம் தெரிந்தவர்கள் காரின் எடை, கியர் விகிதம், கம்ப்ரஷன், ஓட்டும் சாலை எல்லாவற்றையும் எழுதி வைத்துக்கொண்டு கடைசியில்தான் கேமுக்கு வருவார்கள். இரண்டு கேம்களுக்கு நடுவே சந்தேகம் வந்தால் சின்னதை எடு என்பது அங்கே வழக்கமான அறிவுரை. 1970-களின் தொடக்கத்தில் புகைக் கட்டுப்பாடும், 1973-ல் எண்ணெய் நெருக்கடியும் வந்து அந்தக் காலத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தன.

நம் ஊரில் இந்தக் கேள்விக்கு விடை எழுதப்பட்டது சென்னைக்கு வடக்கே, திருவொற்றியூரில். இந்திய ராணுவத்துக்கு எல்லை ரோந்துக்கு ஏற்ற மோட்டார் சைக்கிளாக 350 சிசி புல்லட் தேர்வானது. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸ், இங்கிலாந்தின் ரெட்டிச் நகரிலிருந்த ராயல் என்ஃபீல்டுடன் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கியது. முதலில் பாகங்களை வரவழைத்துப் பூட்டினார்கள். பிறகு இயந்திரங்களையும் வாங்கி, 1960-களின் தொடக்கத்தில் முழு வண்டியையும் இங்கேயே செய்தார்கள்.

அந்த எஞ்சின் உள்ளே எப்படி? சிலிண்டர் விட்டம் 70 மி.மீ., பிஸ்டன் ஓட்டம் 90 மி.மீ. குறுகலான நீண்ட சிலிண்டர், கனமான ஃப்ளைவீல். கம்ப்ரஷன் வெறும் 6.5. அன்றைய பெட்ரோலின் தரத்துக்கு அதற்கு மேல் போனால் எஞ்சின் தட்டும். சுமார் 18 குதிரைத்திறன். வலது பக்க டைமிங் மூடிக்குள் பற்சக்கரங்களால் சுற்றும் இரண்டு தனித்தனி கேம்கள், ஒன்று உள்வால்வுக்கு, ஒன்று புகை வால்வுக்கு. கேம் மேல் தட்டையான டேப்பட், அதன் மேல் புஷ் ராடு. பற்சக்கரங்களில் குறி இருக்கும். ஒரு பல் தள்ளிப் பூட்டினாலும் வண்டி இழுக்காது, சூடேறும். டேப்பட் சரிபார்க்க கேஜ் எதுவும் வேண்டாம். எஞ்சின் ஆறியிருக்கும்போது புஷ் ராடை விரலால் சுழற்றிப் பார்க்க வேண்டும். தாராளமாகச் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. அவ்வளவுதான். கேஜும் பட்டறையும் இல்லாத ஊரிலும் ஸ்பானர் பிடிக்கத் தெரிந்தவர் இந்த வேலையை முடித்துவிடலாம்.

எல்லாமே ஒரே திசையைப் பார்க்கின்றன: மெதுவாகச் சுற்று, விடாமல் இழு. அந்தக் கேம் அங்கே பொருந்துகிறது. மலையில் ரோந்து போகும் சிப்பாய்க்கும், பின்னால் மூட்டை கட்டிக்கொண்டு வயலுக்குப் போகிறவருக்கும், ரவுண்ட்ஸ் போகும் சப்-இன்ஸ்பெக்டருக்கும் அதுதான் தேவை.

தாய்க் கம்பெனி வேறு திசையில் போனது. 1960-களின் நடுவில் ரெட்டிச்சில் இளைஞர்களுக்காக 'கான்டினென்டல் ஜிடி' என்ற 250 சிசி வண்டியைக் கொண்டுவந்தார்கள். வேகமாகச் சுற்றும் எஞ்சின், பந்தய பாணித் தோற்றம். நல்ல வண்டி, விற்கவும் செய்தது. ஆனாலும் 1967-ல் ரெட்டிச் தொழிற்சாலை மூடப்பட்டது. 1970-ல் இங்கிலாந்தில் உற்பத்தியே நின்றுபோனது. பழைய கேமோடு பழைய வண்டியைச் செய்துகொண்டிருந்த திருவொற்றியூர் மட்டும் மிஞ்சியது. இதை வைத்து 'மெதுவான எஞ்சின் ஜெயித்தது' என்று கொண்டாடுவது சரியாகாது. புல்லட் மாறாமல் இருந்ததற்கு லைசென்ஸ் ராஜ்யமும், அரசாங்க ஆர்டரும், போட்டியில்லாத சந்தையும் பெரிய காரணங்கள். ஆனால் அந்தக் காரணங்கள் தாங்கி நிறுத்திய வண்டி, அந்தச் சாலைகளுக்குப் பொருத்தமாகவும் இருந்தது என்பதை மறுக்க முடியாது.

பொருந்தாத இடமும் இருந்தது: சோழவரம். இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளம். 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், 1990-ல் இருங்காட்டுக்கோட்டை தடம் வரும் வரை அங்கேதான் பந்தயங்களை நடத்தியது. நீண்ட நேர் ஓட்டம். அங்கே ரேஸ் கேமுக்கு வேலை உண்டு. உயர் வேகத்திலேயே எஞ்சினை வைத்திருக்கலாம், மூச்சு வாங்கும் கீழ் வேகத்துக்கு இறங்கவே வேண்டாம். சோழவரத்தில் ஜெயிக்கும் கேம் புளியரையில் தோற்கும், புளியரைக் கேம் சோழவரத்தில் தோற்கும். இரண்டில் எதுவும் 'நல்ல கேம்' அல்ல, 'கெட்ட கேம்' அல்ல.

நடுவில் ஒரு தலைமுறைக்கு இந்தப் பேச்சே இல்லாமல் போனது. ஜாவா, எஸ்டி, இந்த்-சுசுகி, 1985-ல் வந்த யமஹா ஆர்எக்ஸ் 100 எல்லாம் டூ-ஸ்ட்ரோக். அவற்றில் கேம் திறக்கும் வால்வும் கிடையாது, கேமும் கிடையாது. சிலிண்டர் சுவரில் உள்ள துளைகள்தான் கேம் செய்யும் வேலையைச் செய்யும். ஆனாலும் ஆசை விடுமா? கேம் மாற்றுவதற்குப் பதில் 'போர்ட்டிங்' என்று துளையை அரம் வைத்துத் தேய்த்தார்கள். அரைமில்லி அதிகம் தேய்த்துவிட்டால் திரும்ப ஒட்ட முடியாது, புது சிலிண்டர்தான்.

பிறகு புல்லட்டை மாடிஃபை செய்யும் மோகம் வந்தது. சைலன்சர், ஃபில்டர், கார்புரேட்டர், அப்படியே கேம். இங்கே ஒரு கணக்கை யாரும் சொல்வதில்லை. உள்வால்வைத் தாமதமாக மூடும் கேம், எஞ்சினின் உண்மையான அழுத்தத்தைக் குறைக்கிறது. 12.5 கம்ப்ரஷன் உள்ள ரேஸ் ஹெமிக்கு அதில் கொஞ்சம் போனால் நஷ்டமில்லை. 6.5 மட்டுமே உள்ள பழைய புல்லட்டுக்கு இருப்பதே கொஞ்சம். அதிலும் கதவைத் திறந்து விட்டால் என்ன மிஞ்சும்? சரி, ஈடுகட்ட எஞ்சினை வேகமாகச் சுற்றலாம் என்றால், 90 மி.மீ. ஓட்டம் குறுக்கே நிற்கிறது. 5000 ஆர்பிஎம்மில் அந்த பிஸ்டன் சராசரியாக விநாடிக்கு 15 மீட்டர் ஓடுகிறது. அதற்கு மேல் விரட்டினால் கனெக்டிங் ராடும் பேரிங்கும் பதில் சொல்லும். அமெரிக்காவில் பெரிய கேம் போட்டவருக்காவது ஆறேழு லிட்டர் எஞ்சின் இருந்தது. பாதி மூச்சு போனாலும் கார் நகரும். 346 சிசியில் அந்த ஊதாரித்தனத்துக்கு இடமில்லை. பழைய புல்லட்டில் கேம் மாற்றியே ஆகவேண்டுமென்றால், தேய்ந்துபோன கேமை எடுத்துவிட்டு அதே அளவில் புதிது போடுவது பெரும்பாலானவர்களுக்குப் போதும். தேய்ந்த கேம் வால்வை முழுசாகத் தூக்காது. 'வண்டியில் பழைய இழுவை இல்லை' என்ற புலம்பலுக்கு அதுவும் ஒரு காரணம். தட்டை டேப்பட் எஞ்சினுக்கு ஆயிலும் முக்கியம். புகைக் கட்டுப்பாட்டுக்காக இன்றைய கார் ஆயில்கள் பலவற்றில் துத்தநாகச் சேர்மத்தைக் குறைத்துவிட்டார்கள். பழைய கேமைத் தேய்மானத்திலிருந்து காப்பாற்றியதே அதுதான்.

கம்பெனியே பிற்பாடு எஞ்சினை மாற்றியது. 2008-09-ல் வந்த யுசிஇ எஞ்சினிலும் அதே 70-க்கு 90 அளவுதான், கம்ப்ரஷன் 8.5 ஆனது, ஹைட்ராலிக் டேப்பட் வந்தது, புஷ் ராடை விரலால் சுழற்றும் வேலை போனது. 19.8 குதிரைத்திறன், 4000 ஆர்பிஎம்மில் 28 நியூட்டன் மீட்டர் இழுவை. 2020-ல் மீட்டியாருடன் வந்த புது 349 சிசி எஞ்சினில் புஷ் ராடே கிடையாது. கேம் மேலே, சிலிண்டர் தலையில் போய் உட்கார்ந்துவிட்டது. மேலே கேம் வைத்தால் எஞ்சினை எகிறவிடலாம், பலரும் அதற்காகத்தான் வைப்பார்கள். இங்கே கிடைத்தது 20.2 குதிரைத்திறன், இழுவை 27 நியூட்டன் மீட்டர், அதுவும் அதே 4000 ஆர்பிஎம்மில். 2023-ல் புல்லட் 350-க்கும் இதே எஞ்சின் வந்தது.

ரயில் ஓட்டுநரின் அந்த ரிவர்சரும் வேறு உருவில் திரும்பி வந்தது. 1989-ல் ஹோண்டா, ஜப்பானில் இன்டெக்ரா காரில் விடெக் முறையைக் கொண்டுவந்தது. ஒரே தண்டில் கீழ் வேகத்துக்கு ஒரு கேம், மேல் வேகத்துக்கு இன்னொன்று. எஞ்சின் தானே மாற்றிக்கொள்ளும். இந்தியாவில் 2018-ல் வந்த யமஹா ஆர்15 மூன்றாம் பதிப்பில் இதே மாதிரி ஏற்பாடு இருக்கிறது. 7400 ஆர்பிஎம்மில் உள்வால்வுக்கு கேம் மாறும். 155 சிசி எஞ்சினுக்குள் புளியரைக்கு ஒன்று, சோழவரத்துக்கு ஒன்று! செங்கோட்டை மீட்டர் கேஜ் பாதை 2010-ல் மூடப்பட்டு, அகலப் பாதையாகி, 2018-ல்தான் முழுமையாகத் திறந்தது. ஆர்15 மூன்றாம் பதிப்பு வந்ததும் அதே வருடம்தான்.